முதுகைக் காட்டிய ரசிகர்கள்

வளைகுடா நாட்டில், மங்காஃபில் எங்கள் வீடே ஓர் இசைக்குழு. அப்பா கீபோர்டு, அம்மாவும் அக்காவும் பாட்டு, நான் டாம்பரின். சலங்கை வைத்த வளையத்தைக் குலுக்க என்ன பெரிய திறமை வேண்டும் என்று கேட்பவர்கள் நான் குலுக்கிக் கேட்டதில்லை. சோல், பாப் என்ற மேற்கத்திய இசை என்றால் அப்பாவுக்கு உயிர். அந்தப் பாணியில் தமிழில் தானே பாட்டுக் கட்டுவார். பிறந்தநாள் விருந்து, சங்க விழா என்று இரண்டு வருடம் வண்டி ஓடியது. மேடைக்கென்று ஜன்னல் திரைத் துணியில் அம்மா தைத்த வெள்ளி நிறச் சட்டைகள். நான் வளர்ந்துவிட்டதில் எனக்கு மட்டும் அக்குளில் பிடித்தது. தாளமும் எனக்கு மட்டும்தான் தப்பியது.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழிலாளர் கேம்ப் ஒன்றில் நிகழ்ச்சி. வேனிலேயே அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“இன்னிக்கும் தாளம் தப்புச்சுன்னா உனக்குப் புதுச் சட்டை கிடையாது. அடுத்த ஷோவுல கீழ உக்காந்து கைதட்டு.”

“அதையாவது தாளத்தோட தட்டுவானாப்பா?” என்றாள் அக்கா.

முதல் பாட்டில் பிழைத்துக்கொண்டேன். இரண்டாவதில் நான் வளையத்தைத் தூக்கியதுதான் தாமதம், முன்வரிசை மொத்தமும் எழுந்து எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. பிறகு அடுத்த வரிசை. அவ்வளவு மோசமாகவா அடிக்கிறேன்? அழுகை முட்டியது. அக்காவின் மைக்கைப் பிடுங்கிக் கத்தினேன்:

“அண்ணே, திரும்புங்கண்ணே! இனிமே ஒழுங்கா அடிக்கிறேன்!”

கேம்பே சிரித்தது. அப்போதுதான் பார்த்தேன், எல்லோர் கையிலும் உயர்த்திப் பிடித்த போன். ஊரில் இருப்பவர்களுக்குத் தங்கள் முகத்தோடு மேடையையும் வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

“உன்னையத்தாண்டா தம்பி காட்டுறோம்! யல்லா, அடி!” என்றார் ஓர் அண்ணன்.

அடித்தேன். தப்பாகத்தான்.

முடிந்ததும் அவர் என்னைக் கூப்பிட்டார். போனுக்குள் ஒரு பையன், “அப்பா, இவன் தப்புத் தப்பா அடிச்சான்ல?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். கடல் தாண்டியும் மானம் போய்விட்டது.

“வயசென்ன தம்பி?”

“ஏழு.”

“எம்மவனுக்கும் ஏழுதான். நேரா நில்லு.”

என் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தார். உயரம் மாறாமல் அதை அப்படியே நகர்த்தித் தன் மார்புக்குக் கீழே வைத்துப் பார்த்தார். திரும்பவும் ஒருமுறை. பையன் பேசிக்கொண்டே இருந்தான்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அப்பா மன்னித்துவிட்டார், அடுத்த ஷோவுக்குச் சட்டை அளவெடுக்க ஆளே வைத்துவிட்டார். இந்த முறையாவது அக்குளில் பிடிக்காமல் இருக்கட்டும் என்று, இரண்டு கைகளையும் நன்றாக விரித்துக் காட்டினேன்.