முழுக்குக்குக் காத்திருந்த அக்கா

இரும்புலியூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் கீழ்த்தளத்தில் தனியாக வசித்த ஒரு அக்கா. மாடம்பாக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் மேடவாக்கத்தில் குடும்பத்தோடு இருந்தான். அக்காவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் சர்ச்சுக்குக் கிளம்பும்போது கேட்டருகே நின்று, "நானும் வர்ட்டா?" என்று கேட்டார். அன்றே எங்களோடு வந்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

அது பாப்டிஸ்ட் சபை. என் கணவர் அங்கே வளர்ந்தவர். நான் பிஷப், அங்கி, அச்சிட்ட ஜெபப் புத்தகம் எல்லாம் உள்ள சபையில் வளர்ந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோதே ஆயர் என் நெற்றியில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். கணவரின் சபையில் அது செல்லாது. தானே விசுவாசித்து, தன் வாயால் அறிக்கை செய்து, தண்ணீருக்குள் முழுவதும் மூழ்கி எழுந்தால்தான் ஞானஸ்நானம். "பிறப்பால யாரும் பாப்டிஸ்ட் ஆக முடியாது. எங்கப்பா பாப்டிஸ்ட்டுங்கறதால நான் ஆகிடல" என்பார் கணவர். மேலே பிஷப் என்று ஒருவர் இல்லை. எல்லாவற்றையும் சபைக் கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்வார்கள். நான் மறுபடி ஞானஸ்நானம் எடுக்காததால் எனக்கு அங்கே ஓட்டு கிடையாது.

மேடைப் பலகைகளைத் தூக்கினால் அடியில் ஞானஸ்நானத் தொட்டி. படிகள் இறங்கும். ஞானஸ்நான ஆராதனை வைத்தால்தான் டேங்கர் லாரி வரவழைத்து நிரப்புவார்கள். மற்ற மாதங்களில் காய்ந்து கிடக்கும்.

அக்கா சில மாதங்கள் தொடர்ந்து வந்தார். பிறகு ஞானஸ்நானம் வேண்டும் என்று பாஸ்டரிடம் கேட்டார். பாஸ்டருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அக்காவின் கழுத்தோரம் டயாலிசிஸுக்காக ஒரு குழாய் பொருத்தியிருந்தது. அது நனையவே கூடாது, கிருமி ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையில் அறுவை செய்து, அங்குள்ள ரத்தக்குழாய் டயாலிசிஸ் ஊசி போடுமளவு பருத்த பிறகுதான் குழாயை எடுப்பார்கள்.

"அதுவரைக்கும் காத்திருக்கலாம்மா" என்றார் பாஸ்டர். "தண்ணி உங்கள ரட்சிக்கிறதில்ல. நீங்க விசுவாசிச்ச அன்னிக்கே அது முடிஞ்சிடுச்சு. இது அதுக்கு வெளிப்படையான சாட்சி."

எனக்கு மனம் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அக்கா, எங்க அம்மா வீட்டுச் சபையில தலையில தெளிப்பாங்க. துணியால குழாய மூடிக்கலாம். ஆயரக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வாணாம்" என்றார் அக்கா. "உள்ள போறது செத்துப் புதைக்கிறா மாதிரி, வெளிய வர்றது உசுரோட எழுந்து வர்றா மாதிரின்னு பாஸ்டர் சொன்னாரு இல்ல, அத்தான் எனக்குப் புட்சிகீது. சின்ன வயசுல எங்க ஏரில முங்குனா அக்கரைலதான் எந்திரிப்பேன். தெளிச்சா எனக்குப் பத்தாதும்மா."

டயாலிசிஸ் நோயாளிகள் ஆசைப்பட்ட அளவு தண்ணீர் குடிக்கக் கூடாது. அக்கா ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்திருந்த முகத்தை என்னால் அதிக நேரம் பார்க்க முடியாது.

சபையில் முதல் வரிசையில்தான் உட்காருவார். ஒருநாள் பிரசங்கத்தின் நடுவில் என் கையைப் பிடித்தார்.

"கீழ தண்ணி ஆடிகினு கீது. உனக்குக் கேக்கல?"

"தொட்டி காலியா இருக்குக்கா."

"இன்னாம்மா, இவ்ளோ சத்தமா கேக்குது."

ஆராதனை முடிந்ததும் என் கணவர் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார். அடியில் தூசியும் ஒரு செத்த பல்லியும் கிடந்தன. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, வாதாடாமல் திரும்பினார். அடுத்த வாரமும் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு நானும் கேட்க ஆரம்பித்துவிட்டேன். பாட்டு நின்று ஜெபம் தொடங்கும் அந்த இடைவெளியில், காலுக்கடியில் யாரோ இடுப்பளவு தண்ணீரில் மெதுவாக நடப்பதுபோல ஒரு சத்தம். கணவரிடம் சொன்னபோது ஜிஎஸ்டி ரோடு லாரிகளின் அதிர்வு என்றார். இருக்கலாம்.

கை தயாரானது. குழாயை எடுத்து, புண்ணும் ஆறியது. ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நான ஆராதனை என்று முடிவாயிற்று. கூடவே கல்லூரி மாணவர்கள் இருவர் எடுக்கவிருந்தார்கள். அக்காவுக்கு நான்தான் வெள்ளை அங்கி தைத்தேன். அறுவை செய்த கை வீங்கியிருந்ததால் இடது கையை மட்டும் அகலமாக வைத்தேன். சர்ச்சின் பக்கத்து அறையில் மற்ற இரண்டோடு அதையும் மாட்டிவிட்டு வந்தேன்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே அக்காவின் இதயம் நின்றுவிட்டது.

மகன் தங்கள் இந்து முறைப்படி எரித்தான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் தெருவோரம் நின்றோம். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், வாய் அசையவில்லை. இறந்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் சபையில் வழக்கமில்லை.

"ஞானஸ்நானம் இல்லாமலே போயிட்டாளே பாவம். நீயாவது ரெண்டு சொட்டு தெளிச்சிருக்கக் கூடாதா?" என்று அம்மா போனில் அழுதாள்.

"இயேசுவுக்குப் பக்கத்துச் சிலுவையில தொங்கி, அன்னிக்கே பரலோகம் போனானே அந்தக் கள்ளன், அவன் எந்தத் தொட்டில இறங்கினான்?" என்றார் கணவர்.

ஞாயிறு வந்தது. தொட்டி நிரம்பியிருந்தது, பலகைகள் சுவரில் சாத்தியிருந்தன. மாணவர்களுக்கு அங்கியை எடுத்துக் கொடுத்தபோது அக்காவின் அங்கி ஹேங்கரில் தொங்கியது. இஸ்திரி மடிப்புக் கலையவில்லை. அதைத் தொட மனமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். பாஸ்டர் ஒவ்வொருவராக மூழ்கவைத்துத் தூக்கினார். சபை பாடியது. யாரும் என்னைத் தாண்டி அறைக்குள் போகவில்லை.

மாணவர்கள் நனைந்த அங்கியோடு வந்தபோது கதவைத் திறந்தேன்.

அக்காவின் அங்கியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து கீழ்வரை ஊறிக் கனத்து, ஹேங்கர் வளைந்திருந்தது. தரையில் சிறு குளம். மேற்கூரையைப் பார்த்தேன், காய்ந்திருந்தது. அகலமான இடது கையைப் பிழிந்தேன். லாரித் தண்ணீரில் எப்போதும் குளோரின் வாடை அடிக்கும். இதில் சேறும் பாசியும் மணத்தன.

சத்தம் போடாமல் பாஸ்டரை அழைத்துவந்தேன். அவரும் ஈர உடையில்தான் இருந்தார். துணியைத் தொட்டார். விரலை முகர்ந்தார். பிறகு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாராவது உள்ள வந்தாங்களாம்மா?"

"இல்ல பாஸ்டர்."

வேறு சபையாக இருந்தால் ஒரு மெழுகுவத்தி ஏற்றியிருப்பார்கள், ஒரு பூசை வைத்திருப்பார்கள். எங்களிடம் இதற்கென்று ஒரு சடங்கும் இல்லை. அங்கியை மாடியில் உலர்த்தினேன். மற்ற துணிகளைப்போலவே மத்தியானத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிட்டது. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

அடுத்த சபைக் கூட்டத்தில் பாஸ்டர் புதிய உறுப்பினர்களின் பெயர்களை வாசித்தார். மாணவர்கள் இருவருக்குப் பிறகு அக்காவின் பெயரையும் வாசித்தார். நாற்காலிகள் கிரீச்சிட்டன. சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் மூத்த டீக்கன் ஒருவர் எழுந்தார்.

"பாஸ்டர், அந்தம்மா விசுவாசத்துல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா ஞானஸ்நானம் எடுக்காதவங்கள உறுப்பினரா சேர்க்கிறதில்லையே. அதுவும் இறந்துபோனவங்களை."

பாஸ்டர் பெயர்ப் பட்டியலை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எடுக்கலன்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

அவர் விளக்கவில்லை. முதலில் என் கணவரின் கை உயர்ந்தது. பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாக. கடைசியில் டீக்கனும் தூக்கினார். ஓட்டில்லாத நான் பின்வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு ஞானஸ்நான ஆராதனைக்கு முன்பும் பாஸ்டர் என்னிடம் கேட்கிறார். அடுத்த தடவை என்கிறேன். என் பழைய சபையின் கொள்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர் நினைக்கிறார். அந்தக் கொள்கையெல்லாம் எப்போதோ விட்டுப்போய்விட்டது. நான் இறங்கும்போது அந்தத் தண்ணீரில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமில்லை.