துபாயிலிருந்து வந்தவர்

சக்கரம் வைத்த நீலப் பெட்டி. கைப்பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிய வெள்ளைச் சீட்டு கிழியாமல் இருந்தது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவர் விடுமுறைக்குக் கொண்டுவந்த பெட்டி அது. நாகர்கோவிலில் நான் வேலை செய்யும் மனநல மருத்துவமனைக்கு அதை எடுத்துப் போய், மூன்று வருடமாக வார்டில் இருந்த ஓர் அண்ணனிடம் கொடுத்தவள் நான்தான். இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

மருந்து எழுதுவது டாக்டர். குணமானவரை வீட்டில் கொண்டு சேர்ப்பது சமூகப் பணியாளரான என் பாடு. எந்த வீட்டில் வா வா என்கிறார்கள்? பஸ் ஏறி இறங்கி, சாத்திய கதவைத் தட்டி, போனை எடுக்காதவர்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேசவே பிடிக்காது. அந்த அண்ணனுக்கு நோய் அடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. வார்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவார், மற்றவர்களுக்குச் சவரம் செய்துவிடுவார். வீட்டுக்குப் போகவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இல்லை.

வீடு இராஜாக்கமங்கலம் பக்கம். ஐந்தாவது தடவை போனபோதுதான் அவருடைய அம்மா வாயைத் திறந்தார். "அவன் துபாய்லன்னுல்லா ஊரு பூரா சொல்லி வச்சிருக்கோம். மவளக் கெட்டிக் குடுத்த எடத்துலயும் அப்படித்தான். துபாய்லேருந்து வந்தான்னா வரட்டும், மக்ளே."

நான் மறுத்திருக்க வேண்டும். படித்த படிப்பு அதைத்தான் சொன்னது. ஆனால் அலைந்து அலைந்து அலுத்துப் போயிருந்தேன். எப்படியாவது ஒரு மனுஷன் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. பெட்டி, கூலிங் கிளாஸ், ஒரு குப்பி சென்ட், சாக்லேட். சீட்டில் மஸ்கட் என்று இருந்தால் என்ன, யார் வாசித்துப் பார்க்கப் போகிறார்கள்? கண்ணாடியில் தன்னைப் பார்த்து அண்ணனே சிரித்தார். மாத்திரை விவரத்தை அம்மாவிடம் இரண்டு முறை சொல்லி, எழுதியும் கொடுத்தேன். நீங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் யார் என்று கேட்பார்கள், போனில் பேசினால் போதும் என்றார் அந்த அம்மா. அதற்கும் சரி என்றேன்.

துபாய்க்காரரைப் பார்க்க ஆட்கள் வந்தபடியே இருந்தார்களாம். அவர்கள் முன்னால் மாத்திரை கொடுக்க முடியாமல் அம்மா அதை அரிசிப் பானைக்குள் ஒளித்தார். நாளடைவில் கொடுப்பதே நின்று போனது. நான் போனில் கேட்டால் மட்டும் கொடுக்கிறேன் என்பார். வந்தவர்கள் எல்லோரும் விசா கேட்டார்கள். முதலில் மழுப்பிய அண்ணன், பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் வாக்குக் கொடுத்தார். கடைசியில் கேட்காதவர்களையும் கூப்பிட்டுக் கொடுத்தார். நான் பார்த்திருந்தால் முதல் நாளே நோய் திரும்புகிறது என்று சொல்லியிருப்பேன். ஊருக்கு அது கல்ஃப்காரர் வழக்கமாகப் பேசுகிற பேச்சுதான்.

நாலு நாளாகத் தூங்காமல் பாஸ்போர்ட் நகல்களை அடுக்கிக்கொண்டிருக்கிறான் என்று அம்மா போனில் அழுதபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வண்டி வேண்டாம் என்று கெஞ்சி, அவரே வாடகைக் கார் பிடித்தார். லீவு முடிந்துவிட்டது, துபாய்க்குத் திரும்புகிறான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார். தெருவே நின்று கையசைத்தது. அண்ணனும் அதை நம்பி, எல்லோருக்கும் டாட்டா காட்டிவிட்டு ஏறியிருக்கிறார். கார் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. இறங்கிப் பார்த்தவருடைய முகம் எனக்கு மறக்காது.

தெளிய மூன்று மாதம் ஆனது. இன்றும் எங்கள் வார்டில்தான் இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். இனி உள்ளதைச் சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டும் என்று அந்த அம்மாவிடம் மாதாமாதம் மன்றாடுகிறேன். அவர் தலையை மட்டும் ஆட்டுகிறார். போனவாரம் இதை அண்ணனிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை, என்னைத்தான் தேற்றினார்.

"அம்மாவப் போட்டு நெருக்காண்டாம் மேடம். அடுத்த லீவு எப்பக் கிட்டும்னு மட்டும் சொல்லுங்க."