‘டிக்’ என்று மட்டும் சொல்லும் கார்

இல்லத்தரசி வேலையில் சமையல், துணி, பிள்ளைகள் படிப்பு எல்லாம் சேர்த்தி என்று தெரியும். செத்துப்போன கார் பேட்டரிக்கு உயிர் கொடுப்பதும் சேர்த்தி என்று கல்யாணத்தின்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. கவர் போட்ட காரை வாசலில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடக்கும் சகோதரிகளே, இது உங்களுக்குத்தான்.

எங்கள் வீடு பெரம்பலூரில். வீட்டுக்காரருக்கு ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை. கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். கார், கல்யாணம் காட்சிக்கு மட்டும். என்னிடமும் லைசென்ஸ் இருக்கிறது, ஒரே தடவையில் எட்டுப் போட்டு வாங்கியது. அரியலூரில் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். காரைக் கேட்டால், "அந்த ரோடு பூரா சிமெண்ட் லாரி. உனக்குச் சரிப்படாது" என்பார். நான் பஸ்ஸில் போய், அப்பாவை ஆட்டோவில் ஏற்றி இறக்குவேன்.

எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, மாலை போட்டு, பொட்டு வைத்து, சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தோம். வண்டி மங்களகரமாக இருக்க வேண்டுமென்று இவர் ஹெட்லைட்டை எரியவிட்டு, சாமி பாட்டையும் போட்டுவிட்டார். எஞ்சின் ஓடவில்லை. "பேட்டரி இறங்கிடுங்க" என்றேன். "நல்ல நாளும் அதுவுமா வாய வைக்காத" என்றார். சர்க்கரைப் பொங்கல் தயாராவதற்குள் ஹெட்லைட்டுக்கு மஞ்சள் காமாலை கண்டது. பாட்டு பாதியில் நின்றது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’. அவ்வளவுதான்.

பழம் நசுங்காமல் பூஜை முடியாதே. தெரு ஆண்கள் கூடித் தள்ளினார்கள். பழம் நசுங்கியது, எஞ்சின் பிடிக்கவில்லை. எதிர்வீட்டு சுந்தரம் அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பழம் நசுங்கிடுச்சுல்ல சார், அப்புறம் என்ன? வண்டியப் பின்னாடி தள்ளி நிறுத்திடுவோம்."

ஆப்ப சோடா

பேட்டரியைக் கடையில் கொடுத்து சார்ஜ் ஏற்றி மாட்டினோம். சில வாரத்தில் மறுபடியும் ‘டிக்’. பானெட்டைத் திறந்தால் பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. கருப்பு வயரை முதலில் கழற்றினேன், பிறகு சிவப்பு. வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். நுரைத்துக்கொண்டு கிளம்பியது அத்தனையும். துடைத்து, வாஸ்லின் தடவி, மாட்டித் திருப்பினேன். உறுமியது.

ஷிப்ட் முடிந்து வந்த இவர் என்னைப் பார்த்தார், சோடா டப்பாவைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அது என் பிரஷ் மாதிரி இருக்கே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வைத்தியம்

அதன்பிறகு வைத்தியத்தை இவரே எடுத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் வாசலிலேயே காரை ஸ்டார்ட் செய்து, காபி குடித்து முடிக்கும்வரை உறுமவிட்டு, அணைத்துவிடுவார். ஓர் அடி நகர்த்துவது கிடையாது. ஸ்டார்ட் பண்ணச் செலவான சார்ஜே அந்தக் காபி நேரத்தில் திரும்பாது, ரோட்டில் ஓட்டினால்தான் ஏறும் என்றேன். "கான்வென்ட்ல மெக்கானிக் வேலையும் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார். இல்லை. சிஸ்டர்கள் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். இந்த வீட்டில் இதுவரை எனக்கு அது தேவைப்படவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் பேட்டரி மறுபடி செத்தது. இவர் ஜெயங்கொண்டத்து புரோக்கர் ஒருவரிடம் பேசி, வியாழக்கிழமை சாயங்காலம் வந்து காரைப் பார்க்கச் சொல்லிவிட்டார். விற்றேவிடுவதாம். என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஓடாத வண்டி நமக்கு எதுக்கு?"

நூர்ஜஹானின் கேபிள்

லப்பைக்குடிக்காட்டு நூர்ஜஹான் என்னோடு கான்வென்ட்டில் படித்தவள். கணவர் துபாயில். அவளிடம் போனில் பொரிந்து தள்ளினேன். "எங்க வூட்டுலயும் இதே கூத்துதாண்டி. வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சுட்டு வீடியோ கால்ல வந்து, ஸ்டார்ட் பண்ணு, ஆஃப் பண்ணுன்னு அங்கேருந்து பார்ப்பாரு. ரெண்டு பேட்டரி மவுத்தாச்சு. அப்புறம் நானே ஓட்ட ஆரம்பிச்சுட்டேன்" என்றாள். வியாழன் மதியம் தன் காரிலேயே வந்து இறங்கினாள், ஜம்பர் கேபிளோடு.

இரண்டு காரையும் ஒன்றையொன்று தொடாமல், முகத்துக்கு முகம் நிறுத்தினோம். சிவப்பு கேபிள் என் ப்ளஸ்ஸிலிருந்து அவள் ப்ளஸ்ஸுக்கு. கருப்பு அவள் மைனஸில். அதன் மறுமுனையை என் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டப் போனேன். அதற்குள் தெருவே கூடிவிட்டது. "பேட்டரி மைனஸ்ல மாட்டும்மா" என்றார் சுந்தரம் அண்ணன். "பேட்டரிகிட்ட பொறி பறந்தா உங்க மீசைக்குத்தான் நஷ்டம், அண்ணே" என்றேன். மீசையைத் தடவிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அவள் தன் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். நான் சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. மாட்டிய வரிசைக்கு நேர்மாறாகக் கேபிளைக் கழற்றினோம். சுந்தரம் அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். "சரி, ஸ்டார்ட் ஆயிடுச்சு. ஓட்டுறதுக்கு இப்ப ஆம்பள யாரக் கூப்புடுறது?"

அரியலூர் ரோடு

நான் ஏறி உட்கார்ந்தேன். உடனே அணைத்தால் மறுபடி எழாது. நன்றாக ஓட வேண்டும். அரியலூர் போதுமான தூரம், அப்பாவுக்கு ஆஸ்பத்திரி நாளும்கூட. சிமெண்ட் லாரிகள் வந்தன. நான் என் பக்கம் போனேன், அவை அவற்றின் பக்கம் போயின. என் லைசென்ஸ் பற்றி எந்த லாரிக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டு வாசலில் டிரைவர் யாராவது இருக்கிறாரா என்று அப்பா குனிந்து பார்த்துவிட்டு, காலை நீட்டி ஏறினார். ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை அணைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி திருப்பினேன். பிடித்தது.

அப்போது இவரிடமிருந்து போன். "புரோக்கர் வந்து நிக்கிறாரு. வண்டியக் காணோம்."

"அரியலூர்ல இருக்குங்க, என்னோட. ஓடாத வண்டியப் பார்க்க வந்தவருக்கு ஒரு காபி குடுத்து அனுப்பிடுங்க. இது ஓடுது."

அந்தப் பக்கம் புரோக்கர் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. பிறகு இவர் தொண்டையைச் செருமினார்: "வர்றப்ப ஏசி போடாத. சார்ஜ் நல்லா ஏறட்டும்."

சகோதரிகளே, பேட்டரி சாகாமலிருக்க நான் கண்ட ஒரே வைத்தியம், சாவியை டிவி ஸ்டாண்டிலிருந்து என் கைப்பைக்கு இடம் மாற்றியதுதான்.