சுடச்சுடப் பட்டுப்புழு

லண்டன் மோர்டனில் இருக்கும் அம்பலவாணனின் கை மணிக்கூடு எப்போதும் பத்து நிமிடம் முந்தித்தான் ஓடும். அவர் ஆறுதலாக இருந்து தேத்தண்ணீர் குடித்ததை யாரும் கண்டதில்லை. பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்த காலத்தில், விசா கிடைத்தால் வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் தொடமாட்டேன் என்று விம்பிள்டன் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார். கிடைத்ததுதான் தாமதம், நாடு நாடாகப் பறக்கத் தொடங்கிவிட்டார்.

1994 மார்ச்சில் சுற்றுலாக் குழுவோடு சீனா போனார். பெருஞ்சுவரில் மற்றவர்கள் படம் எடுத்து முடிக்குமுன் இறங்கிவந்து பஸ்ஸில் ஏறி, "அடுத்தது எங்கை?" என்றார். பீஜிங்கில் கடைசி நாள் சனிக்கிழமை. படுக்கை கொள்ளாமல் விடியமுன்னமே தெருவுக்கு இறங்கினார். சந்தை வாசலில் ஒருத்தி குச்சியில் குத்திய புழுக்களைப் பொரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிதான் போய்விட்டதே, இனி என்ன தடை? மூன்று குச்சியைச் சுடச்சுட முடித்துவிட்டு, பெருமை தாங்காமல் ஹோட்டலுக்கு ஓடி லண்டனில் இருந்த மனைவிக்குப் போன் எடுத்தார்.

"தவமலர், பட்டுப்புழு திண்டனான்!"

"சீ! இண்டைக்கு வெள்ளியெல்லோ?"

"இஞ்சை சனி விடிஞ்சிட்டுது. அதோடை, நீ கோயிலுக்குப் பட்டுத்தானே உடுத்திக்கொண்டு போறனீ?"



"இஞ்சேருங்கோ, நேர்த்தி விம்பிள்டன் பிள்ளையாருக்கெல்லோ வைச்சனீங்கள்? அவருக்கு இப்ப வெள்ளி இரவு பத்து மணி."

அம்பலவாணன் கையைத் திருப்பிப் பார்த்தார். புறப்பட்ட அவசரத்தில் மாற்ற மறந்திருந்த மணிக்கூடும் அதையேதான் சொன்னது, பத்து நிமிடம் கூட்டி.