லெஃப்ட் பேக் பார்சல்

சாம்பிராணிப் புகை... அதோடு என் பேன்ட்டுக்குள் போட்டிருந்த ஃபுட்பால் நிக்கரின் வியர்வை வாடை. தொண்ணூறுகளின் தொடக்கத்து ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இந்த இரண்டும்தான் முதலில் வரும். சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராகப் பிராக்டிஸ்.

எங்கள் வீடு மேனாம்பேட்டில். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். ஆனால் அந்தப் பக்கத்தில் உருப்படியான ஃபுட்பால் டீம் என்றால் சர்ச் டீம்தான். யார் வேண்டுமானாலும் சேரலாம். சர்ச் பாதிரியாரைச் சாமியார் என்போம், அவர் வைத்த ரூல் ஒன்றே ஒன்று... ஞாயிறு பூசைக்கு வராதவனுக்கு முதல் பதினொன்றில் இடமில்லை.

ஒரு வருஷம் சப்ஸ்டிட்யூட்டாக உட்கார்ந்து எனக்கு அலுத்துவிட்டது. அந்த மழைக்காலம் முழுக்கப் பூசைக்குப் போனேன். கடைசி பெஞ்ச். மற்றவர்கள் எழுந்தால் எழுவேன், முட்டி போட்டால் போடுவேன். மற்ற நாள் சாயங்காலமும் கிரவுண்டில் உயிரைக் கொடுத்து ஓடுவேன்.

பூந்தமல்லிப் பக்கத்து டீமோடு மேட்ச் இருந்த ஞாயிறு. பூசை முடிவில் சாமியார் பதினோரு பேரை வாசிப்பார். கேப்டன் அல்போன்ஸ் என்னை டீம் பெஞ்சுக்குக் கூப்பிட்டான்.

"மச்சான், இங்க குந்து. உன் பேரு கீதுனு நெனைக்கிறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை.

நற்கருணை அப்பம் கொடுக்கும் நேரம். டீம் மொத்தமும் எழுந்து வரிசையில் போனது, நானும் போனேன். ஞானஸ்நானம் எடுக்காதவன் அதை வாங்கக் கூடாது, வாங்கினவன் அங்கேயே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கோயிலில் நீட்டுவது போலக் கையை நீட்டினேன். முன்னால் நின்றவன் சொன்ன ஆமெனை நானும் சொன்னேன். வெள்ளையாக, வட்டமாக, மெல்லிசாக ஒன்று கைக்கு வந்தது. பிரசாதம் என்றால் வீட்டுக்கு எடுத்துப் போவதுதானே எங்கள் பழக்கம்? பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாமியாருக்கு உதவியாக ஓரமாக நின்ற உபதேசியார் பார்த்துவிட்டார். ஓடி வந்து தோளைப் பிடித்தார்.

"தம்பி, பாக்கெட்ல இன்னா போட்ட?"

"பிரசாதம் சார்... ஊட்ல அம்மாவுக்கு எடுத்துகினு போறேன்."

பாட்டு நின்றுவிட்டது. சாமியாரே இறங்கி வந்து, அதை இரண்டு விரலால் எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். துணுக்கு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று என் பையைத் தடவிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பின்னால் எவனோ "பார்சல்டா!" என்றான். சிரிப்பு.

அப்புறம் சாமியார் பேர்களை வாசித்தார். லெஃப்ட் பேக்... என் பேர். ஒரு வருஷம் காத்திருந்த பேர். அது வராமல் இருந்திருந்தால் அப்படியே வீட்டுக்கு ஓடியிருக்கலாமே என்றுதான் அப்போது தோன்றியது.

சாயங்காலம் ஆடினேன். ஜெயித்தோம். "பார்சல், லெஃப்ட்ல ஏறு மாமே!" என்று அல்போன்ஸ் கத்தியது கிரவுண்டு முழுக்கக் கேட்டது. நான் ஒரு தடவைகூடக் கூட்டத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இன்னாடா, ஜெயிச்ச மூஞ்சியா இது?" என்றாள் அம்மா. கால் கழுவப் பின்பக்கம் போய்விட்டேன்.

இப்போது அந்த கிரவுண்டில் அபார்ட்மென்ட். பசங்கள் வாடகை கட்டி, வலை போட்ட டர்ஃபில் ஆடுகிறார்கள். டீமில் இடம் வாங்க யாரும் முட்டி போட வேண்டியதில்லை.

போன மாதம் அல்போன்ஸ் மகளுக்குக் கல்யாணம். பூசையில் எல்லாரும் வரிசையில் போனபோது, நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பம் வாங்கிக்கொண்டு திரும்பினான் அல்போன்ஸ். என்னைத் தாண்டும்போது என் சட்டைப் பையை இரண்டு விரலால் தட்டிவிட்டுப் போனான்.

ஐம்பதை நெருங்கும் மனுஷன்... காது சூடாகி, பூசை முடியும்வரை குனிந்து என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.