வலப்பக்கத்துப் பாய்

கோழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதன் அடிவயிற்றை விரலால் அமுக்கிப் பார்க்கிறாள் ரொரெட்டி. முட்டை தட்டுப்படுகிறதா என்று சோதனை. முட்டையிடுகிற கோழியைத்தான் பூசைக் காணிக்கையாகக் கொடுப்பாள். முட்டை நின்றுபோன கிழட்டுக் கோழியைச் சாமியார் தலையில் கட்டிவிட்டுப் புண்ணியம் தேடுகிறவர்கள் எங்கள் மையானாத் தீவில் நிறையப் பேர். அதை வேக வைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். நான் மாதா கோயில் சாமியாருக்குச் சமைக்கிறவள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை மிக்காயேரே சாமி தலைநகர் தராவாவிலிருந்து படகில் வந்து இரண்டு நாள் தங்குவார். ஊர்க் காணிக்கை எல்லாம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் என் அடுப்படிக்குத்தான் வரும்.

"இது போதுமா அக்கா? மெலிஞ்ச மாதிரி தெரியுதே?"

"கோழிக்கு என்னடி, உன்னைவிட நல்லாத்தான் இருக்கு."

முன்பெல்லாம் இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். இப்போது மறுபடியும் கோழியை அமுக்கிப் பார்க்கிறாள்.

அவள் புருஷன் யோத்தெபா கொப்பரை மூட்டைகளோடு தராவாவுக்குப் படகில் கிளம்பி ஐந்து மாதம் ஆகிறது. அன்று காலையில் போனவன், சாயங்காலம் அரிசியோடு திரும்பியிருக்க வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும், நீரோட்டம் இழுத்திருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஒன்பது நாள் படகுகள் தேடின. ஒரு விமானம்கூட மேலே வந்து சுற்றிவிட்டுப் போனது. இப்படி இழுபட்டுப் போனவர்கள் இரண்டு மாதம் கழித்து மார்ஷல் தீவில் கரையேறி, தாடியும் மீசையுமாகத் திரும்பி வந்ததும் உண்டு. திரும்பாதவர்களும் உண்டு. திரும்பாதவர்களைப் பற்றி அவள் எதிரில் யாரும் பேச முடியாது.

எங்கள் கோயிலில் பீடத்துக்கு முன்னால் இரண்டு தாழம்பாய் விரித்திருக்கும். வலப்பக்கத்துப் பாய் உயிரோடு இருப்பவர்களுக்கு: காய்ச்சல்காரர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், கப்பலில் வேலைக்குப் போன பையன்கள். இடப்பக்கத்துப் பாய் இறந்தவர்களுக்கு. எந்தப் பாயில் காணிக்கையை வைக்கிறோமோ, சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்கிற பெத்தேரோ உபதேசியார் அந்தப் பட்டியலில் பெயரை எழுதிக்கொள்வார். பூசையில் இரண்டு பட்டியலையும் வாசிப்பார்கள். அப்புறம் இரண்டு பாய்க் கோழியும் என் சட்டிக்கு வந்துவிடும். சட்டிக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது.

ரொரெட்டி தன் கோழியை வலப்பக்கத்துப் பாயின் வலது ஓரத்துக்கே கொண்டுபோய் வைப்பாள். அது கால் கட்டோடு துள்ளி நடுப்பக்கம் நகர்ந்தால் ஓடிப்போய் இழுத்துவிடுவாள். உபதேசியார் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள்.

"எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க."

"யோத்தெபா. உயிரோடு இருப்பவர்கள்."

"இன்னொரு வாட்டி."

"ஏம்மா, நான் என்ன பள்ளிக்கூடப் பையனா?" என்று சலித்துக்கொண்டே அவர் இன்னொரு வாட்டியும் படிப்பார். பாவம், நல்ல மனுஷன்.

பூசை எத்தனை மணிக்கு என்பதிலும் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கடல் ஏறுகிற நேரத்தில்தான் பூசை வைக்க வேண்டும். "வத்துற தண்ணியில வெச்சா அவரை இன்னும் அந்தப் பக்கமா தள்ளிக்கிட்டுப் போயிடும் சாமி." பூசைக்கும் தண்ணீருக்கும் என்னம்மா சம்பந்தம் என்று சாமியார் கேட்டால், "உங்களுக்குத் தெரியாது, நீங்க பட்டணத்துக்காரர்" என்று வாயடைத்துவிடுவாள். அவரும் பூசையை அரைமணி முன்னே பின்னே தள்ளிக்கொடுப்பார். ஊரார் முணுமுணுத்துக்கொண்டே வந்து உட்காருவார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குத் தலைவலி, சாமியார் சாப்பிடும்போது அவள் ஓலைத் தடுப்புக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பதுதான். "சாப்பிடறாரா அக்கா? ரெண்டாந்தடவை போட்டுக்கிட்டாரா?" சாமியார் நன்றாகச் சாப்பிட்டால் காணிக்கை ஏறிவிட்டது என்று கணக்கு. ஒருமுறை அவருக்கு வயிற்றுப்போக்கு. இளநீரைத் தவிர எதையும் தொடவில்லை. இவள் முகம் வெளிறிப்போய்விட்டது. அவளை வெளியே அனுப்பிவிட்டு அந்தக் கோழியை நானே தின்று தீர்த்தேன். சாமியார் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை என்று புளுகினேன். அந்தப் பொய்யை இன்னும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை. சொன்னால் அவரிடம்தானே சொல்ல வேண்டும்?

வாய்த்துடுக்கு மட்டும் அவளுக்குக் குறையவில்லை. கிணற்றடியில் ஒருத்தி, "உன் புருஷன் மார்ஷல் தீவுல புதுசா ஒருத்தியோட குடித்தனம் நடத்துறானோ என்னமோ" என்று சீண்டினாள். "நடத்தட்டும்டி. ரெண்டு பேருக்கும் சேர்த்தே பூசைக்குக் குடுக்கறேன்" என்றாள் ரொரெட்டி. சீண்டியவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

போன தடவை சாமியார் வந்தபோதுதான் வினை வந்தது. யோத்தெபாவின் அண்ணன் கபூத்தா ஒரு பன்றியைக் கம்பில் கட்டித் தூக்கிவந்து இடப்பக்கத்துப் பாயில் இறக்கினான். "என் தம்பி யோத்தெபாவின் ஆன்ம இளைப்பாற்றிக்கு" என்றான். வலப்பக்கத்தில் ரொரெட்டியின் கோழி அப்போதுதான் பாய்க்கு வந்திருந்தது. உபதேசியாரின் பென்சில் அப்படியே நின்றுவிட்டது. ஒரே ஆள் ஒரே பூசையில் இரண்டு பாயிலும் கிடந்ததை அவர் பார்த்ததே இல்லை.

"பன்னியைத் தூக்குங்க மாமா" என்றாள் ரொரெட்டி.

"அவன் என் தம்பிம்மா."

"என் புருஷன்."

"நாலு மாசம் ஆச்சு. பூசை இல்லாம அலையுறான். கண்ணை மூடினா சொட்டச் சொட்ட நனைஞ்சுக்கிட்டு என் முன்னால வந்து நிக்கிறான்."

"துண்டு எடுத்துக் குடுத்தீங்களா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். கபூத்தா சிரிக்கவில்லை. இவர்கள் இரண்டு பேரும் கோயிலுக்குள்ளேயே அடித்துக்கொள்வார்களோ என்று பயந்தேன்.

சாமியாரைக் கூப்பிட்டார்கள். அவர் தணிவாகத்தான் சொன்னார். "இறந்தவங்களுக்கு வேண்டுறது உயிரோட இருக்கிறவனுக்கு எந்தக் கெடுதலும் பண்ணாதும்மா. அவன் எங்க இருக்கான்னு கடவுளுக்குத் தெரியும்."

"கடவுளுக்குத் தெரியும் சாமி. கடலுக்குத் தெரியுமா? செத்தவங்களோட சேர்த்துப் பேரை வாசிச்சா, இவனைத் தேட யாரும் இல்லைன்னு அது வெச்சுக்கும்."

சாமியார் நெற்றியைத் தடவிக்கொண்டார். இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், பூசைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் போன பிறகு பேசுவதற்கு இடம் வேறு எங்கே இருக்கிறது? என் அடுப்படிதான்.

ரொரெட்டி கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவள். என் தேங்காய்த் துருவியை எடுத்துக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு தேங்காய் துருவ ஆரம்பித்தாள். ஐந்து வயது மகள் தினோயா பக்கத்தில் உட்கார்ந்து விழுந்த துருவலைத் தின்றுகொண்டிருந்தாள். கபூத்தா வாசலில் குந்தினான். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எஞ்சின் என்னுது. அது ரெண்டு தடவை நடுக்கடல்ல நின்னு போயிருக்கு. ஒரு நடைதானே, தாங்கிடும்னு நினைச்சேன். அவன்கிட்ட சொல்லலை."

எனக்குத் தெரியாது. ஊரில் யாருக்கும் தெரியாது. ஒன்பது நாளும் முதல் படகில் போய்க் கடைசிப் படகில் திரும்பியவன் இவன்தான். துருவுகிற சத்தம் நின்றுவிட்டது. வாயில் வந்த சாபத்தையெல்லாம் கொட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கொட்டியிருந்தால் நானும் சேர்ந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அவள் அவனையே பார்த்தாள். மறுபடி துருவத் தொடங்கினாள். வெள்ளை எல்லாம் போய் ஓடு கரகரக்கிற வரை துருவினாள். ஓட்டைக் கீழே வைத்துவிட்டு, "தின்னீங்களா இன்னைக்கு?" என்று கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான். இல்லை என்று.

"பன்னி அங்கயே இருக்கட்டும் மாமா. அது உங்களுக்கு வேணும்." எழுந்து கையை உதறினாள். "என் கோழியும் அதோட இடத்துல இருக்கும். அதுல யாரும் கை வைக்கக்கூடாது. பூசையில ரெண்டையும் வாசிக்கட்டும்." கபூத்தா முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான். அவள் ஒரு தட்டில் சோறும் மீனும் போட்டு அவன் பக்கத்தில் வைத்துவிட்டு மகளைக் குளிப்பாட்டக் கூட்டிப்போனாள்.

பூசைக்கு ஊரே வந்திருந்தது. ரொரெட்டி முன்வரிசையில், மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கபூத்தா தூணோரம் தனியாக இருந்தான். உபதேசியார் முதலில் வலப்பக்கத்துப் பட்டியலை வாசித்தார். யோத்தெபா என்றதும் தினோயா திரும்பி அம்மாவைப் பார்த்து, "எங்க அப்பா" என்றாள். கோயில் முழுக்கக் கேட்டது.

உபதேசியார் தாளைத் திருப்பினார். இறந்தவர்கள் பட்டியல். ஒரு பெயர், இன்னொரு பெயர். மூன்றாவதாக அவர் யோத்தெபா என்று வாயெடுக்கும்போது, ரொரெட்டி இரண்டு உள்ளங்கையாலும் மகளின் காதுகளைப் பொத்தினாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் தினோயா கிளுகிளுவென்று சிரித்தாள். ரொரெட்டியும் அவளைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டினாள். பட்டியலில் மீதமிருந்த நான்கு பெயரையும் உபதேசியார் வாசித்து முடிக்கும்வரை கையை எடுக்கவே இல்லை.