ரிவர்ஸ் கியரில் போன கல்யாண ஜீப்

கோதண்டம் எனக்குக் கல்யாணப் பத்திரிகை வைத்ததை மரியாதை என்று நம்பிய மடையன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒர்க் ஷாப். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலை மறியல் நடந்த வருஷம் அது. ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, கடை இல்லை, ஸ்பேர் பார்ட்ஸ் இல்லை. நானும் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு போடும் கோதண்டம், தன் மகன் சேகரின் கல்யாணத்துக்குப் போகிற வழியில் ஜீப்போடு வந்து என் வாசலில் நின்றார்.

"நீ இல்லாம கல்யாணமா? ஏறுப்பா!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், என் டூல்ஸ் பை காலடியில் இருந்தது. என் மனைவியிடம் தனியாகக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். ஸ்டெப்னி டயரை ஏற்றுகிற மாதிரி என்னை ஏற்றியிருக்கிறார் மனுஷன்.

வண்டியின் யோக்கியதை

அந்த ஜீப் அவர் குடும்பத்தில் எல்லோருக்கும் மூத்தது. நாலு வீல் டிரைவ், நீளமான பாடி, பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. ஒரு குடும்பமே ஏறும். மூன்றாவது கியர் தானாகக் கழன்றுகொள்ளும். அதனால் கோதண்டம் மூன்றாவது போட்டதும் பக்கத்து சீட்டில் இருக்கும் அவர் மனைவி முழங்காலால் லீவரை அழுத்திப் பிடிப்பார். சண்டை போட்டுக்கொண்ட நாளில் அந்த அம்மாள் பிடிக்கமாட்டார், வண்டி இரண்டாவதிலேயே ஊர் போய்ச் சேரும். ஹேண்ட் பிரேக் கிடையாது. எங்கே நிறுத்தினாலும் கியரில் போட்டுத்தான் நிறுத்துவார். கியர் பாக்ஸ் ஆயில் ஒழுகிக்கொண்டே இருக்கும். மாற்றச் சொல்லி நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

கல்யாணம் கச்சிராயபாளையத்தில், பெண் வீட்டு ஊரில். பெண் பெயர் செல்வி. கோதண்டம் இரண்டு முறை தேதியைத் தள்ளிப் போட்டதில் பெண்ணின் அப்பா கொதித்துப் போயிருந்தார். "பத்தரைக்குள்ள மாப்ள மணையில உக்காரலன்னா என் தங்கச்சி பையன் முருகேசன் இருக்கான்" என்று சொல்லியனுப்பிவிட்டார். முருகேசன் செல்விக்கு முறை மாப்பிள்ளை. அவன் காலையிலேயே பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பந்தலில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பதாகவும் தகவல் வந்திருந்தது. சேகருக்கு முகம் செத்துப் போயிருந்தது. அவனுக்குச் செல்வி என்றால் உயிர்.

மாடே சாப்பிடுது

கச்சிராயபாளையத்துக்கு இரண்டு மைல் இருக்கும்போது ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம். அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் நல்ல மனுஷர்கள். மாலையும் கழுத்துமாக இருந்த சேகரைப் பார்த்ததும், "கல்யாண வண்டிங்களா? அப்பிடியே பின்னால போயி கரும்புக் கொல்ல வண்டிப் பாதையில உள்ள பூந்து, மரத்துக்கு அந்தாண்ட ஏறிக்கங்க" என்று வழி சொன்னார்கள்.

கோதண்டம் ரிவர்ஸ் போட்டு, பின்பக்கம் பாதையின் வாயைத் தொடுகிறவரை வண்டியைக் கொண்டுவந்தார். அதோடு போயிருக்கக் கூடாதா? இன்ஜினை நிறுத்தி, ரிவர்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கி, அவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து, இந்த வருஷத்துக் கரும்பு வெட்டு பற்றி ஒரு பாட்டம் பேசிவிட்டு வந்தார். வந்து லீவரை இழுத்தால் அசையவில்லை. நான் இழுத்தேன். சேகர் இழுத்தான். அந்த அம்மாள் முழங்காலாலும் முயற்சி செய்து பார்த்தார்.

வண்டிக்கு அடியில் படுத்து கியர் பாக்ஸில் ஆயில் ஊற்றுகிற ஃபில்லர் பிளக்கைக் கழற்றினேன். கழற்றும்போதே வெல்லம் காய்ச்சுகிற வாசனை. விரலை விட்டால் கருப்பாக, கம்பிப் பதத்தில் பாகு வந்தது.

"யோவ், உள்ள இன்னாய்யா ஊத்தின?"

"ஆயில் கம்மியா இருந்துது. கடை எதுவும் தெறக்கல. வூட்ல மாட்டுத் தீவனத்துக்கு மொலாசஸ் இருந்துது. கருப்பா, கொழகொழன்னு, உன் தொண்ணூறு நம்பர் ஆயில விட ஜாஸ்தி கெட்டியாவே இருந்துது."

"அது சர்க்கரையாலைக் கழிவுப் பாகுய்யா!"

"மாடே சாப்பிடுது, கியர் பாக்ஸ் சாப்பிடாதா?"

விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். வண்டி ஓடுகிறவரை பாகு சூட்டில் இளகி இருந்திருக்கிறது. நிறுத்தியதும் ஆறி, மேலே கியரை நகர்த்துகிற செலக்டர் ஃபோர்க்கையெல்லாம் மிட்டாய் மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மேல் மூடியைத் திறந்து கொதிக்கிற வெந்நீர் ஊற்றிக் கழுவினால் சரியாகும். அதற்கு அரை நாள் வேண்டும். மணி பத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

"நடந்துடலாம்" என்றான் சேகர்.

"அம்மாவுக்கு முழங்கால் வாதம். தாலி அவ மடியில கீது. நீ மட்டும் வேர்த்து வழிஞ்சிக்கினு போயி நின்னா பொண்ணு வூட்டுக்காரன் காரித் துப்புவான்" என்றார் கோதண்டம்.

"ஒரு கியர் இருக்குதில்ல? அதுல போவோம்" என்றேன் நான். கோபத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகு யோசித்தால், அது ஒன்றுதான் வழி.

லெப்ட்டு, ரைட்டு

கோதண்டத்துக்குக் கழுத்து திரும்பாது, அதனால் ஸ்டியரிங்கை நான் பிடித்தேன். பின்பக்கம் முழுக்கச் சொந்தக்காரர்களின் தலையும் சீர்த்தட்டும். எனக்கு ரோடு தெரியவில்லை. சேகரே பின் படிக்கட்டில் நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையை ஆட்டினான். "லெப்ட்டு... லெப்ட்டு... ஐயோ ரைட்டுண்ணா!" மாலை ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம். கரும்புத் தோகை உள்ளே வந்து எல்லோர் முகத்தையும் தடவிவிட்டுப் போனது. இன்ஜின் கத்தியது, ரேடியேட்டர் கொதித்தது. கல்வராயன் மலைக்கு எங்கள் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டே, ஆள் ஓடுகிற வேகத்தில் போய் மறுபடி ரோட்டில் ஏறினோம்.

அங்கிருந்து பந்தல்வரை ரோடு நேர்க்கோடு. பந்தலில் நடந்ததைப் பெண்ணின் தாய்மாமன் பிறகு என்னிடம் சொன்னார். மாப்பிள்ளை வருகிறாரா என்று பார்க்க அவரைத்தான் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். தூரத்தில் பூ கட்டிய ஜீப் தெரிந்தது. அதன் மூஞ்சி கள்ளக்குறிச்சியைப் பார்த்து இருந்தது. பின்னால் மாலையோடு ஒருவன் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், உள்ளே ஓடினார்.

"மாப்ள வண்டி திரும்பிப் போய்க்கினு இருக்குது! டாட்டா வேற காட்டறாரு!"

பெண்ணின் அப்பா மேற்கொண்டு விசாரிக்கவே இல்லை. "முருகேசா, ஏறுடா மணையில!" என்றார். முருகேசன் ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தானாம். ஐயர் மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார். மணி பத்தே கால்.

செல்வி மணையிலிருந்து எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கல்யாணப் புடவையோடு வாசலுக்கு வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து ரோட்டைப் பார்த்தாள். அழுதிருக்கிறாள், மை கன்னம்வரை வழிந்திருந்தது. கையை இறக்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, போற வண்டி சின்னதாத்தான ஆவும்?"

"ஆமாம்மா."

"இது பெருசாய்க்கினே வருதே!"

பந்தலே வாசலுக்கு வந்துவிட்டது. நான் பிரேக்கை மிதித்து நிறுத்தியபோது பின் படிக்கட்டு சரியாகச் செல்விக்கு எதிரே நின்றது. சேகர் இறங்கக்கூட இல்லை, அப்படியே விழுந்தான். அவள்தான் தூக்கிவிட்டாள். அந்த இடத்தில் எனக்கும் கண் கலங்கியது. ரேடியேட்டர் ஆவி என்று சொல்லிச் சமாளித்தேன்.

முருகேசனைப் பந்தி பரிமாற அனுப்பினார்கள். நான் சமையல்காரரிடம் அண்டா வெந்நீர் வாங்கி கியர் பாக்ஸைக் கழுவினேன். ஊர் மாடுகள் எல்லாம் அவிழ்த்துக்கொண்டு வந்து வண்டியைச் சுற்றி நின்று நக்கின.

"பாத்தியா, சாப்பிடுது" என்றார் கோதண்டம்.

தொழிலுக்கு வரும் தம்பிகளே, கியர் பாக்ஸில் கியர் ஆயில் மட்டும் ஊற்றுங்கள். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஒரு வண்டி வருகிறதா போகிறதா என்று அதன் மூஞ்சியைப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். செல்வி பார்த்ததைப்போல நின்று பாருங்கள், பெரிதாகிறதா என்று.